நல்ல துலாவாப் பாத்து

கொஞ்சம் என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க தம்பி. நீங்க பாட்டுக்கு ஜன்னல் பக்கம் திரும்பிட்டுப் பேசுனா இந்த பஸ்ஸு இரைச்சல்ல என்ன வெளங்கும்? எனக்குக் காதெல்லாம் நல்லாத்தான் கேக்குதுங்க. அதுல ஒரு குறையும் இல்ல. ஸ்பின்னிங் மில்லுல ரிங் பிரேம்ல இருந்தவன் நான். அங்க மிஷின் ஓட ஆரம்பிச்சா பக்கத்துல நிக்கறவன் கத்துனாலும் கேக்காது. அதனால ஒருத்தர் வாயப் பாத்து ஒருத்தர் பேசிக்குவோம். டீ வந்துருச்சு, மேஸ்திரி வர்றான், உங்க வீட்ல காச்சல் தேவலையா, எல்லாமே ஒதட்டுலதான். அந்தப் பழக்கம் விடமாட்டேங்குது. பேசறவங்க வாய் தெரிஞ்சாப் போதும் எனக்கு. போன்ல வாய் தெரியறதில்ல பாருங்க, எல்லா வம்பும் அங்கதான் ஆரம்பிச்சுது.

எங்க போறனா? கோயமுத்தூருக்குங்க, பொண்ணு வீட்டுக்கு. பேத்தி பொறந்திருக்குது. என்னது, சந்தையா? ஓ, சந்தோசம்னீங்களா. ஆமாங்க, ரொம்ப சந்தோசம். பையில வேற ஒண்ணுமில்ல, மலைப்பூண்டும் கருப்பட்டியும். பால் சுரக்கறதுக்கு.

பொண்ணு பேரு சிந்துஜா. ஒரே பொண்ணு. எம் பொண்டாட்டி மயிலாத்தா தவறி வருசம் மூணாச்சு. தலச்சன் பிரசவம்னா பொறந்த வீட்டுலதான் பாக்கணும், அதுதான மொற. ஆனா வந்து என்ன பண்றது? வீட்டுல நான் ஒருத்தன். எனக்கே காலைல டீக்கட, ராத்திரி இட்லிக்கட. அதனால புள்ள அங்கயே இருந்துக்கறேன்னு சொல்லிருச்சு. மாப்பிள்ள யுவராஜ் கம்ப்யூட்டர் கம்பெனி. நல்ல மனுசன். பேசறதுதான் வாய்க்குள்ளயே பேசுவாரு, எனக்கு ஒரு எழுத்துப் புரியாது.

வளகாப்பு முடிஞ்ச வாரம் புள்ள போன் பண்ணுச்சு. "அம்மா இல்லையேப்பா. அதான் ஒரு டூலா பாக்கலாம்னு இருக்கோம்" அப்படின்னு சொல்லிருக்குது. டூலான்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்கே தெரியலீங்களா? அப்ப எனக்கு மட்டும் எப்பிடித் தெரியும்? பிரசவத்துல கூட இருந்து, கையப் புடிச்சுக்கிட்டு, தைரியம் சொல்லி, அப்பறம் வீட்டுக்கும் வந்து தாயையும் புள்ளையையும் பாத்துக்கறதுக்குன்னே படிச்ச பொம்பளைங்க இருக்காங்களாம். அவங்களுக்குப் பேரு டூலாவாம். இதெல்லாம் இப்பத்தான் தெரியும். அன்னிக்கு எனக்குக் கேட்டது எப்பிடின்னா, "அம்மா இல்லையேப்பா, அதான் துலா பாக்கலாம்னு இருக்கோம்."

துலாம் ராசிங்க. மயிலாத்தா துலாம் ராசி, சுவாதி நட்சத்திரம். நீங்களே சொல்லுங்க தம்பி, அம்மா இல்லாத புள்ள, வயித்துல குழந்தைய வெச்சுக்கிட்டு அம்மா ராசியச் சொன்னா நீங்க என்ன நெனப்பீங்க? அம்மாவே வந்து தன் வயித்துல பொறக்கணும்னு புள்ள ஆசைப்படுதுன்னு நெனச்சேன். எனக்குக் கண்ணு தளும்பிப் போச்சு. மூணு வருசமா நான் மனசுக்குள்ள நெனச்சத அது வாய்விட்டுச் சொல்லுதேன்னு இருந்துச்சு.

"நல்ல டூலா கெடைக்கறது கஷ்டம்ப்பா. இப்பவே சொல்லி வெச்சாத்தான்"னு சொல்லுச்சு.

"ஆமா கண்ணு, கடைசி நேரத்துல முடியாது. நீ விடு, நான் பாக்கறேன்."

"நீங்களா? உங்களுக்கு அதெல்லாம் தெரியுமாப்பா?"

"எனக்கென்ன தெரியும்? தெரிஞ்ச ஆள் இருக்காரு, கேட்டுச் சொல்றேன்."

அப்பறம், "நீங்க இதுக்கு ஒத்துக்கவே மாட்டீங்கன்னு நெனச்சேன்ப்பா"ன்னு சொல்லுச்சு. அழுதாப்பல இருந்துச்சு. அது மட்டும் தெளிவாக் கேட்டுச்சு.

எங்கூர் ஜோசியர்கிட்டப் போயி விவரஞ் சொன்னேன். அவரு பஞ்சாங்கத்தப் பொரட்டிப் போட்டு, மாசத்துல ஒருக்கா சந்திரன் துலாத்துக்கு வர்றதும் ரெண்டேகால் நாள் இருந்துட்டுப் போறதும் எல்லாம் சொன்னாரு. புள்ளைக்கு உடனே போன் போட்டேன். "ஒரு தடவ வந்தா ரெண்டேகால் நாள் இருக்கும் கண்ணு"ன்னேன்.

"ரெண்டேகால் நாளா! இங்கெல்லாம் பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கமாட்டேங்கறாங்கப்பா. ராத்திரியும் இருப்பாங்களா?"

"ராத்திரி பகல் எல்லாம் இருக்கும். அப்பறம் போயிரும். போனா அடுத்த மாசந்தான் வரும்."

"அதுக்கு நடுவுல எனக்கு வலி வந்துருச்சுன்னா?"

"அப்ப வேற வரும். அது நமக்கு ஆகாது கண்ணு."

பாருங்க தம்பி, ஒரு வார்த்த இடிக்கல. அது கேட்டதுக்கு நான் சொன்ன பதிலு, நான் சொன்னதுக்கு அது கேட்ட கேள்வி, எல்லாம் பொருந்தித்தான வந்துச்சு? அப்பறம் என் காதுமேல எப்பிடிக் குத்தம் சொல்றது?

அடுத்த வாட்டி பேசறப்ப, "நானும் மூணு பேரு பாத்தேன்ப்பா"ன்னு சொல்லுச்சு. சரி, குழந்தைக்குப் பேரு பாக்குதுன்னு நெனச்சேன். "ஒண்ணு ரொம்பப் பழைய காலம். ஒண்ணு யுவராஜுக்குப் புடிக்கல. நிலோஃபர்தான் எனக்குப் புடிச்சிருக்கு, அதையே வெச்சுக்கலாம்னு இருக்கோம்."

எனக்குப் பக்குன்னு ஆயிப் போச்சு. நிலோபர்! நான் சாதி மதம் பாக்கறவன் இல்லீங்க. எங்க மில்லுல பாய் வீட்டுப் பிரியாணிய மொத ஆளா உக்காந்து சாப்பிட்டவன் நான். ஆனா நம்ம பேத்திக்கு நிலோபர்னு வெச்சா நாளைக்குக் கல்யாணப் பத்திரிகையில எப்பிடிப் போடறது? "ஏங் கண்ணு, நம்மள்ல யாரும் அப்பிடி வெச்சுக்கறதில்லையே?"ன்னு தணிவாத்தான் கேட்டேன்.

"இந்தக் காலத்துல அதெல்லாம் யாருப்பா பாக்கறாங்க? பேசிப் பாத்தேன், நல்லவங்க. அது போதும்."

பேருகூட எப்பிடிப் பேசிப் பாத்துச்சுன்னு எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். ஆனா கேக்கல. மயிலாத்தாவே வந்து பொறக்கப் போறா, பேரு எதுவா இருந்தா என்ன, நாம வீட்டுல மயிலுன்னு கூப்பிட்டுக்கலாம்னு விட்டுட்டேன்.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த மாசம் பூராவும் போன் பண்ணா கடைசியில ஒண்ணு சொல்லும், "பழமா இருக்குப்பா." வளகாப்புக்கு வந்தவங்க வாங்கிட்டு வந்த பழமெல்லாம் வீடு நெறையக் கெடக்குதாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். "நல்லதுதான் கண்ணு, சாப்பிடு"ன்னேன். மறுபடியும் ஒருக்கா அதயே சொல்லுச்சு, "ரொம்பப் பழமா இருக்குப்பா." சரி, புள்ளைக்குப் பழத்து மேல ஆசை போலிருக்குது, நேராக் கேக்கக் கூச்சப்படுதுன்னு, ஒரு கூடை கொய்யாவும் மாதுளையும் வாங்கி பஸ்ஸுல குடுத்து அனுப்புனேன். நல்ல கொய்யாங்க, உள்ள செவப்பு.

ஜோசியர் ஒரு வியாழக்கிழமையக் குறிச்சுக் குடுத்தாரு. நேரா கோயமுத்தூருக்கு, புள்ள காட்டற ஆஸ்பத்திரிக்கே போயிட்டேன். நான் போன அன்னிக்குப் புள்ள செக்கப்புக்கு வர்ற நாளு, அங்க வெச்சே சொல்லிப் போடலாம்னு. கொஞ்சம் முன்னாடியே போயி டாக்டரம்மாவப் பாத்தேன். ஆஸ்பத்திரி பேரு வேண்டாம் விடுங்க. "என் பொண்ணு ஆசைப்படுது, துலா ராசியில பொறக்கணும். இந்த நேரத்துல எடுத்துக் குடுத்துருங்க"ன்னேன். அந்தம்மா நேரத்தப் பாத்துச்சு, டைரியப் பாத்துச்சு, "அன்னிக்கு எனக்கும் தோதுதான், எடுத்துருவோம்"னு சொல்லிருச்சு. எவ்வளவு சுலபமா முடிஞ்சுது பாருங்க. ஆதார் கார்டுல பேரு மாத்தறதுக்கு நான் ஆறு தடவ அலைஞ்சவன்.

வெளிய வந்தா எதுக்கால புள்ள வருது. மாப்பிள்ள வர்றாரு. கூட ஒரு பொம்பள. தலையில முக்காடு, முதுகுல பை, காலுல ஓட்டத்துக்குப் போடற ஷூ. "அப்பா, நானே கூட்டிட்டு வந்து காட்டலாம்னு இருந்தேன், நீங்களே வந்துட்டீங்க. இவங்கதான் நிலோஃபர். என் டூலா."

எனக்குத் தலயும் புரியல வாலும் புரியல. பேத்திக்கு வெக்கற பேரோட ஒரு ஆளு நிக்குது. அதயே துலாங்குது. நான் அந்தம்மாவப் பாத்து, "உங்க ராசி என்னம்மா?"ன்னு கேட்டேன். வேற என்ன கேக்கறது?

"எனக்கு ராசியெல்லாம் தெரியாதுங்கய்யா"ன்னு அது சிரிச்சுச்சு.

அப்பறம் ஒண்ணு ஒண்ணா எல்லாம் வெளிய வந்துருச்சு. டாக்டரம்மா, வியாழக்கிழம, ஆப்ரேசன் எல்லாம். ஆப்ரேசன் வேண்டாம், தன்னால வலி வந்து பெத்துக்கணும்னு தைரியத்துக்காகத்தான் புள்ள அந்தப் பொம்பளைய ஏற்பாடு பண்ணுச்சாம். நான் ஆப்ரேசனுக்கே தேதி குறிச்சுட்டு வந்து நிக்கறேன். மாப்பிள்ள மொகம் செவந்து போச்சு. வாய்க்குள்ள என்னமோ சொன்னாரு. புள்ள என் கையப் புடிச்சுக்கிட்டு, நல்லா என் மூஞ்சியப் பாத்து, வாய் தெரியறாப்பல, நிறுத்தி நிறுத்திச் சொல்லுச்சு: "அப்பா, எனக்கு வேணும்னு கேட்டது அம்மா மாதிரி ஒரு ஆள். அம்மா மாதிரி ஒரு குழந்தை இல்ல."

ரெண்டும் ஒண்ணுதானுங்களே தம்பி? எனக்கு இன்னும் வித்தியாசம் தெரியல.

சரி, இவ்வளவு ஆயிப் போச்சு, யாரு எவருன்னு தெரியாத ஆளக் கூட விட முடியுமா? அப்பன்னு நான் ஒருத்தன் இருக்கறேன். புள்ள உள்ள செக்கப்புக்குப் போனதும் அந்தம்மாவக் கீழ கேண்டீனுக்குக் கூட்டிட்டுப் போயி, எதுக்கால உக்கார வெச்சு விசாரிச்சேன். எங்க மில்லுல ஆள் எடுக்கறப்ப விசாரிக்கற மாதிரியே.

"எத்தன பிரசவம் பாத்திருக்கே?"

"நான் பிரசவம் பாக்கறதில்லீங்கய்யா. அதுக்கு டாக்டர், நர்ஸ் இருக்காங்க. நான் கூட இருப்பேன்."

"கூட இருந்து?"

"இடுப்பு அமுக்கி விடுவேன். எப்பிடி மூச்சு விடறது, எப்பிடி உக்காந்தா வலி கொறையும்னு சொல்லுவேன். பயந்தாங்கன்னா பேசுவேன். முக்கால்வாசி நேரம் அவங்க சொல்றதக் கேட்டுட்டு இருப்பேன்."

"கேக்கறதா?"

"ஆமாங்கய்யா. கேக்கறதுதான் பெரிய வேலை."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கேக்கறதுக்கு ஒரு ஆளு! சும்மா உக்காந்து கேக்கறதுக்குச் சம்பளம்! "ஏம்மா, கேக்கறதுக்கு நான் இல்லையா? பெத்தவன் நான் கேக்காததயா நீ கேக்கப் போற?"ன்னு கேட்டேன். அந்தம்மா டீயக் குடிச்சுச்சு. அப்பறம் மெதுவா, "உங்க பொண்ணுக்கு ரொம்பப் பயமா இருக்குதுங்கய்யா. அம்மா இல்லாம எப்பிடின்னு. உங்ககிட்ட அஞ்சாறு தடவ போன்ல சொன்னாங்களாம், பயமா இருக்குப்பான்னு. நீங்க கொய்யாப் பழம் அனுப்பி வெச்சீங்களாம்"னு சொல்லுச்சு.

பாத்தீங்களா, எப்பிடிக் கோத்து விடுது? பயம்னு சொல்லியிருந்தா எனக்குக் கேட்டிருக்காதா? பழத்துக்கும் பயத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? அதுக்குத்தான் சொல்றேன், வாய் தெரியணும். புள்ள சிரிச்சுதா அந்தக் கொய்யாவப் பாத்துன்னு கேட்டேன். "மொதல்ல சிரிச்சாங்க"ன்னு சொல்லுச்சு அந்தம்மா. அதுக்கு மேல நான் கேக்கல. டீ ஆறிப் போச்சு.

ஆனா ஒண்ணு, ஆளு ஒண்ணும் குத்தம் சொல்றதுக்கில்ல. நான் பேசறப்ப குறுக்க பேசல, கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. மயிலாத்தா கதை, துலாம் ராசி எல்லாம் அதுகிட்டச் சொன்னேன்னா பாத்துக்கங்க. வந்த ஆள வேலைக்கு எடுத்தது நான்தான்னு வெச்சுக்கங்களேன். "சரிம்மா, நீயே இரு"ன்னு நான் சொன்னதுக்கப்பறந்தான் எல்லாம் நடந்துச்சு. புள்ள அதுக்கு முன்னாலயே பேசி முடிச்சிருந்துச்சு, அது வேற.

ஆப்ரேசன வேண்டாம்னு சொல்லியாச்சு. ஆனா என் மனசு ஆறல. புள்ள வாய் என்ன சொன்னாலும் உள்ள ஒரு ஆச இல்லாமயா துலான்னு வாயில வந்துச்சு? தன்னால வலி வந்து தன்னால துலாத்துல பொறந்துட்டா யாரு வேண்டாம்பாங்க? தினமும் பஞ்சாங்கத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

கடைசில வந்ததும் வந்துச்சு, ஒரு நாள் முன்னாடி வந்து தொலஞ்சுது. புதன்கிழம காலைல மாப்பிள்ள போன் பண்றாரு, வலி வந்துருச்சுன்னு. பஞ்சாங்கத்தப் பாத்தா அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் கன்னி ராசி. மத்தியானத்துக்கு மேலதான் துலாம். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஆஸ்பத்திரிக்குப் போயி அந்த ரூமு கதவுகிட்ட நின்னேன். உள்ள புள்ளயும் மாப்பிள்ளயும் நிலோபரும். கதவு கொஞ்சம் தெறந்திருந்துச்சு. அந்தப் பொம்பள வாய் எனக்கு நல்லாத் தெரியுது. "பொறுங்க சிந்து, இப்ப முக்க வேண்டாம், மூச்ச மட்டும் விடுங்க, பொறுங்க"ன்னு சொல்லுது.

அடடா, நம்ம மனசு தெரிஞ்ச பொம்பளையா இருக்குதேன்னு எனக்கு ஒரே சந்தோசம். கேண்டீன்ல நான் சொன்னதெல்லாம் ஞாபகம் வெச்சிருக்குதே! நானும் என்னாலானதச் செய்யணுமில்ல? கதவுகிட்டயே நின்னு சொன்னேன், "அப்பிடியே புடிச்சுக்க கண்ணு! இன்னும் ரெண்டு மணி நேரந்தான்! மத்தியானம் வரைக்கும் விட்றாத!"

மெதுவாத்தான் சொன்னேன். அந்த வராண்டாவுல இருந்தவங்கெல்லாம் ஏன் திரும்பிப் பாத்தாங்கன்னு தெரியல. கீழ்மாடியில இருந்து செக்யூரிட்டி எதுக்கு ஓடி வந்தாருன்னும் தெரியல.

உள்ள இருந்து புள்ள கத்துச்சு. என்னமோ நீளமாக் கத்துச்சு. எனக்கு அதுல "அப்பா"ங்கற ஒரு வார்த்ததான் தெளிவாக் கேட்டுச்சு. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் என்ன சொல்லுச்சோ. போகுது விடுங்க. வலியில துடிக்கற நேரத்துல புள்ளைக்கு அப்பன் ஞாபகம் வந்துச்சே, அது போதாதா? உசுரே போற மாதிரி இருந்துச்சு எனக்கு. உள்ள போகலாம்னு கால எடுத்து வெக்கறேன், நிலோபர் வெளிய வந்து என் கையப் புடிச்சுக்கிச்சு. "ஐயா, ஒரு உதவி பண்ணுங்க, கீழ போயி வெந்நீர் வாங்கிட்டு வாங்க"ன்னு சொல்லுச்சு. அவசரம் போலிருக்குதுன்னு ஓடுனேன். வாங்கிட்டு வந்தா, இது ஆறிப் போச்சு, வேற வாங்கிட்டு வாங்கன்னுச்சு. மூணு தடவ ஏறி எறங்குனேன் தம்பி. அந்தத் தண்ணிய ஒருத்தரும் குடிக்கல. ஆனாலும் பிரசவத்துல நான் ஒரு வேல செஞ்சேனில்ல? அந்தம்மா கூடமாட இருந்துச்சு, நான் வெந்நீர் எடுத்தேன்.

மூணாவது தடவ மேல வர்றதுக்குள்ள பொறந்துருச்சு. பொட்டப் புள்ள. மயிலாத்தா மூக்கு. நிலோபர்தான் கொண்டாந்து என் கையில குடுத்துச்சு. நான் மணி என்னன்னு கேட்டேன். மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருந்துச்சு. ஊருக்கு வந்து ஜோசியர்கிட்டப் போயி உக்காந்து அழுதேன்னே வெச்சுக்கங்க. அவரு பாவம், இன்னொரு பஞ்சாங்கத்த எடுத்தாரு. நீ பாத்தது வாக்கியப் பஞ்சாங்கம், இந்தத் திருக்கணிதத்துல பாத்தா அன்னிக்குக் காலைலயே துலாம் வந்துருச்சு, உம் பேத்தி துலாம்தான்யான்னாரு. அப்படிச் சொல்லுங்கன்னேன். புள்ளகிட்ட இதச் சொல்லலாம்னு மறுபடியும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அது திரும்பிப் படுத்திருந்துச்சு. அசதி போலிருக்குது. மாப்பிள்ள என்னைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டாந்து ஏத்தி விட்டாரு.

இப்ப வீட்டுக்கு வந்துட்டாங்க. நிலோபர் தினமும் வருதாம். குழந்தைக்குப் பால் குடுக்கறது எப்பிடி, ஏப்பம் விட வெக்கறது எப்பிடின்னு எல்லாம் அதுதான் சொல்லித் தருதாம். புள்ள தூங்கறப்ப குழந்தைய அது வெச்சுக்குதாம். வர்றவங்க போறவங்கள வாசல்லயே பாத்துப் பேசி அனுப்பறதும் அதுதானாம். மயிலாத்தா இருந்தா செய்யறதெல்லாம் செய்யுது. செய்யட்டும். ஆனா சொந்தக்காரங்கன்னு ஒரு ஆளு வேண்டாமா?

நேத்து சாயங்காலம் புள்ளைக்கு நானே போன் பண்ணேன். காலைல வர்றேன் கண்ணு, ஒரு மாசம் இருந்து எல்லாம் பாத்துக்கறேன்னேன். அன்னிக்குன்னு பாத்து போன்ல ஒரு இரைச்சலும் இல்ல. ஒவ்வொரு எழுத்தாக் கேட்டுச்சு. "இப்ப வராதீங்கப்பா. நானே கூப்பிடறேன், அப்ப வாங்க. அது வரைக்கும் வராதீங்க."

அப்பிடித்தான் கேட்டுச்சு எனக்கு. ராவெல்லாம் அதயே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். காலைலதான் தெளிஞ்சுது. ஏன் தம்பி, எந்தப் புள்ளையாவது பெத்த அப்பனப் பாத்து வராதீங்கன்னு சொல்லுமா? என்னது? நீங்க என்ன சொல்றீங்கன்னு வெளங்கலீங்க. பரவால்ல, விடுங்க. அது "வர்றீங்களாப்பா"ன்னுதான் கேட்டிருக்கும். எனக்குத்தான் காது சரியாக் கேக்கறதில்லைங்களே.